அக்காவுக்குத் தோதான நாள்

அக்காவை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது அவர் மயங்கி விழுந்தபோதுதான். கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களில் அவரும் ஒருவர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் சேலை. அவருடைய டோக்கனைக் கூப்பிட்டதும் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர், "எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சுங்க" என்று முனகியதும், "நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஒரு பள்ளி வேன் ஓட்டுநருக்கு வழிவிட்டார். அதற்கடுத்து கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்கு. கடைசியில் கூட்டம் வடிந்த பிறகு என் முன்னால் வந்து கையை நீட்டினார். நான் ஊசியை எடுப்பதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

பரிசோதனையை விட்டுவிட்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். கண்ணைத் திறந்ததும், "ஒன் வேலையக் கெடுத்துட்டேனேம்மா" என்றார்.

ஆட்டோவில் நானே கூட்டிப்போய் வீட்டில் விட்டேன். கேட்டில் 'மாடி வாடகைக்கு' என்று ஓர் அட்டை தொங்கியது. நானும் என் வீட்டுக்காரரும் அப்போது வீடு தேடி அலைந்துகொண்டிருந்தோம். அப்படித்தான் அந்த வீட்டுக்குக் குடி போனோம். என்றைக்குப் பால் காய்ச்சலாம் என்று கேட்டதற்கு, "உங்க தோது எப்படியோ அப்படி" என்றார். அந்த வார்த்தையை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் லாரிக்காரரிடமும் அதையேதான் சொல்வார், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் அதையேதான் சொல்வார். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். விடுமுறை நாளில் யார் வந்து உட்கார வேண்டும் என்ற பேச்சு வந்தால் அங்கேயும் அந்த வார்த்தைதான். தீபாவளிக்கு முதல் நாள் மாலை வரை அந்த அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"ஒருத்தவங்க வந்து பாத்தாங்க. அவங்களுக்கும் பிடிச்சிருந்துச்சு, எனக்கும் பிடிச்சிருந்துச்சு. நிச்சயத்துக்கு நாள் பாக்குறப்ப அண்ணனுக்குப் பரீட்சை. பெறகு அம்மாவுக்கு ஆபரேஷன். பெறகு தம்பி வெளிநாடு கெளம்புற நேரம். மூணு தடவ கேட்டு விட்டாங்க. அதுக்குப் பெறகு கேக்கல."

"நீங்க எதுவும் சொல்லலையாக்கா?"

"என்னான்னு சொல்ல? எனக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்கன்னா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு அவருடைய அப்பா கட்டியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு மூன்று பேர் பெயரில் இருந்தது. அண்ணன் கோயம்புத்தூரில், தம்பி மஸ்கட்டில், நடுவில் அக்கா இங்கே. கீழ்வீட்டின் முன்னறையை அண்ணன் பூட்டி வைத்திருந்தார். அவருடைய பழைய சாமான்களும் அம்மாவின் இரும்பு பீரோவும் அதற்குள் இருந்தன. சாவி அவரிடமே. அக்கா அந்தப் பூட்டையும் சேர்த்துத்தான் தினமும் துடைப்பார்.

ஒரு தை மாதம் அண்ணன் போன் செய்தார். அக்காவை அவர் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். "பாப்பா, வீட்டக் குடுத்துரலாம்னு நானும் தம்பியும் பேசி முடிவு பண்ணிட்டோம். ஒனக்கும் ஒரு பங்கு வரும். நீ எங்க வீட்டுல வந்து இருந்துக்க."

அதைச் சொல்ல மாடிக்கு வந்தபோது அழுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்திருந்தது.

"தங்கச்சி, நான் கோயம்புத்தூர் போகல. என் பங்குல எனக்குன்னு சின்னதா ஒரு வீடு வாங்கப் போறேன்."

பள்ளியில் வேலை பார்த்த ஆயா ஒருவர் மூலமாகக் கீழக்குயில்குடியில் ஒரு வீடு விலைக்கு வருவதைக் கேள்விப்பட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் போனோம். சமணர் மலைக்கு இந்தப் பக்கம், தோட்டத்தை ஒட்டி, ஒரு கூடமும் ஓர் அறையும் அடுக்களையும் மட்டுமே உள்ள வீடு. அக்கா அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டில் இங்க வேணாம், வெயில் அடிக்கும். அந்தச் செவுத்து ஓரமாப் போட்டுக்குவேன். ஜன்னலுக்குக் கீழ தையல் மிஷின்" என்றார். வேண்டாம் என்று அவர் எதையாவது சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். வீட்டுக்காரர்கள் விவசாயக் குடும்பம். அந்தம்மா நல்ல மாதிரி. "ஒங்களப் பிடிச்சிருக்குத்தா. ஆனா ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சிருங்க. எம்புட்டு நாளைக்கு வச்சுக்கிட்டு இருக்க முடியும்?" என்றார். அக்கா தலையாட்டினார். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து என்னிடம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி காதில் விழவில்லை.

கே.கே. நகர் வீட்டுக்கு ஆள் சீக்கிரமே அமைந்தது. திருமங்கலத்தில் வேலை பார்க்கும் ஆசிரியத் தம்பதி, மகளின் படிப்புக்காக மதுரைக்குள் வர நினைத்தவர்கள். அக்ரிமென்ட் போட்டார்கள். ஆனி முடிவதற்குள் கிரயம் என்று பேச்சு. அவர்கள் வங்கிக் கடனில்தான் வாங்க முடியும். கடன் கொடுக்க வேண்டுமானால் வங்கியின் இன்ஜினியர் வந்து எல்லா அறைகளையும் பார்த்து அளந்து, வீட்டுக்கு மதிப்புப் போட்டு எழுதித் தர வேண்டும். "அரை மணி நேரத்து வேலைக்கா" என்றார் புரோக்கர்.

அந்த அரை மணி நேரம் அமையவில்லை.

முதலில் ஒரு சனிக்கிழமை என்று பேசினார்கள். அண்ணன் சாவியோடு வருவதாகச் சொன்னார். அக்கா விடுப்புப் போட்டு, மாடிப்படி வரைக்கும் கழுவிவிட்டு, கேசரி கிண்டி வைத்திருந்தார். இன்ஜினியர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அண்ணன் வரவில்லை. மத்தியானம் போன் எடுத்து, "மச்சினி வீட்டுல வளைகாப்பு பாப்பா, சுத்தமா மறந்துட்டேன்" என்றார்.

"ஒரு ரூம் பூட்டியிருந்தா நான் எப்படிம்மா எழுதிக் குடுக்குறது? பேங்க்ல திருப்பி அனுப்பிருவாங்க" என்று இன்ஜினியர் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் இன்ஜினியரைச் சந்திக்க இருந்தார் என்ற செய்தி மஸ்கட்டுக்குப் போனது. தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அவர் மட்டும் கூட நின்னு, மதிப்பைக் கம்மியாப் போடச் சொல்லி, மிச்சத்தத் தனியா வாங்கிக்குவாரு. நான் வீடியோ கால்ல இருந்தாத்தான் ஆளை உள்ள விடணும்" என்றார். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அண்ணனால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். இன்ஜினியர் வெள்ளிக்கிழமை தேனிப் பக்கம் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்க மாட்டார். அக்கா அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையில் போனோடு நடந்துகொண்டே இருந்தார். தம்பி சொன்னதை அண்ணனிடம் அப்படியே சொல்ல முடியாது. "தம்பியும் பாக்கணும்னு ஆசப்படுதுண்ணே" என்பார். அண்ணன் திட்டியதைத் தம்பியிடம், "அண்ணனுக்கு வேல ஜாஸ்திப்பா" என்பார். இரண்டு பக்கமும் கோபத்தை வடிகட்டி அனுப்பிவிட்டு, வடிகட்டியதைத் தானே வைத்துக்கொள்வார். அந்த நாட்களில் அவர் சாப்பிட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

சித்திரையில் ஒருவழியாக ஒரு நாள் கூடி வந்தது. தேதியைச் சொன்னபோதே அக்கா போனில், "அன்னைக்கு அழகர் ஆத்துல எறங்குற நாளுண்ணே, ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவர் விடியற்காலையிலேயே சாவியோடு வந்துவிட்டார். தம்பி போனில் தயாராக இருந்தார். இன்ஜினியர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, போலீஸ் எந்தப் பாதையிலும் விடவில்லை என்று சொல்லிவிட்டார்.

"இந்த ஊர்ல இருக்கிறவ, ஒனக்குத் தெரியாதா? என்னைய அங்கயிருந்து வர வச்சிருக்க" என்று அண்ணன் கூடத்தில் நின்று கத்தினார். அக்கா, தான் சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. காபியை நீட்டினார். அண்ணன் கிளம்பும்போது மட்டும், "சாவிய இங்க வச்சுட்டுப் போனீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா பொருள் இருக்கு பாப்பா. நான் இல்லாம தொறக்க வேணாம்." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வைகாசியும் இப்படியே போனது. ஆனி பிறந்ததும் திருமங்கலத்து ஆசிரியை நேரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "எங்களுக்கும் ஸ்கூல் தொறந்துருச்சும்மா. அக்ரிமென்ட் முடியப் போகுது. நீங்க விக்கிறீங்களா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்." அன்று சாயங்காலமே கீழக்குயில்குடியிலிருந்தும் போன் வந்தது. யாரோ இன்னொருவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம்.

அக்கா வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்ஜினியருக்குத் தானே போன் போட்டார். "புதன்கிழமை பதினோரு மணிக்கு வாரீங்களா சார்?" அவர் வருவதாகச் சொன்னார். அடுத்து அண்ணனுக்கு.

"புதன்கிழமையா? எனக்கு ஆடிட்டிங் இருக்கு. மாத்து."

"மாத்த முடியாதுண்ணே. எனக்கு அன்னைக்குத்தான் தோது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. "ஒனக்கு என்ன பாப்பா தோது?"

அக்கா போனை வைத்துவிட்டு, பேச இன்னும் ஏதோ மீதம் இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலையில் ஒரு பூட்டுச் சாவிக்காரரைக் கூட்டி வந்தார். என்னையும் கூட நிற்கச் சொன்னார். பூட்டு பழையது, பிடிவாதமானது, உடைக்கத்தான் முடிந்தது. கதவைத் தள்ளியதும் அடைத்துக் கிடந்த தூசி முகத்தில் அடித்தது. ஒரு கட்டில், கயிறு அறுந்த இறகுப்பந்து மட்டை, அண்ணனின் கல்லூரிப் புத்தகங்கள், மூலையில் அந்த இரும்பு பீரோ. பீரோ பூட்டியே இருந்தது. அக்கா அதன் கிட்டக்கூடப் போகவில்லை. ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்.

இன்ஜினியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டேப்பின் ஒரு முனையை அக்காவிடம் கொடுத்து அறை அறையாக அளந்தார். மாடிக்கு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் அக்காவைக் கேட்டுக்கு முன்னால் நிற்க வைத்து வீட்டோடு சேர்த்துப் படம் எடுத்தார். "வீட்ட நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். புரோக்கர் சொன்னது சரிதான், அரை மணி நேரம்தான் ஆனது. அக்கா பிறகு முன்னறையைப் பெருக்கித் துடைத்து, புதுப் பூட்டு ஒன்றைப் போட்டு, அதன் சாவியை ஒரு கவரில் போட்டு அண்ணனுக்காக எடுத்து வைத்தார்.

அண்ணன் அந்த வாரமே வந்தார். புதுப் பூட்டைப் பார்த்தார். உள்ளே போய்த் தன்னிடமிருந்த சாவியால் பீரோவைத் திறந்தார். பிறகு வெளியே வந்து, "அம்மாவோட ரெண்டு வளையல் இதுல இருந்துச்சு" என்றார்.

"நான் பீரோவத் தொடலண்ணே."

"அப்ப எங்க?"

நான் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். "சார், நானும் கூடத்தான் இருந்தேன். பீரோவ யாருமே தொறக்கல" என்றேன்.

"வாடகைக்கு இருக்கிறவங்க இதுல பேசாதீங்க" என்றார் என்னைப் பார்க்காமலே.

தம்பியை ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர், "ரெண்டு பேரும் சேந்து நடிக்கிறீங்களா? என்கிட்ட நாளே சொல்லாம ஆளக் கூட்டிட்டு வந்து அளந்திருக்கீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அண்ணன் உட்கார்ந்து ஒரு யோசனை சொன்னார். சித்தப்பா, மாமா எல்லாரையும் கூப்பிடுவோம். அவர்கள் முன்னால், வளையலை எடுத்தேன், தப்புதான் என்று பாப்பா சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடுகிறேன், கிரயம் நடக்கட்டும் என்றார். தான் பெரிய மனது பண்ணுவதாகவே அவர் நினைத்தார்.

அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். தெளிவாகச் சொன்னார். "பூட்ட ஒடச்சேன். அதத் தப்புன்னு சொல்லச் சொன்னா சொல்றேன். எடுத்தேன்னு சொல்ல மாட்டேண்ணே."

இன்ஜினியரின் அறிக்கை நல்லபடியாகவே வந்தது. கடனும் சரியாகிவிட்டது. கையெழுத்துதான் வரவில்லை. ஆனி முடிந்ததும் ஆசிரியத் தம்பதி முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். கீழக்குயில்குடி அம்மா, "வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டோம், மனசுல ஒண்ணும் வச்சுக்காதத்தா" என்றார். அக்கா, "நல்லதும்மா, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை மேலும் அரிந்தார். தம்பி வக்கீல் வைத்தார். அண்ணனும் வைத்தார். அண்ணன் ஒருநாள் வந்து கூடத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்குத் திருமங்கலத்தில் வேலை மாறியதால் நாங்களும் அங்கே குடிபோனோம். நாங்கள் சாமான் ஏற்றியபோது அக்கா பின்பக்க அறையிலும் அடுக்களையிலுமாக வாழப் பழகியிருந்தார்.

போன மாதம் மதுரைக்கு ஒரு வேலையாக வந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடித்துப் பல காலம் ஆகியிருந்தது. மாடிக்கு யாரும் வரவில்லை. வழக்கு இருக்கும் வீட்டுக்கு யார் வருவார்கள். கேட் துருவேறி, திறக்கும்போது பிடித்து இழுத்தது. அக்கா சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து கூட்டிப்போனார். பள்ளி வேலையை விட்டு நின்றிருந்தார். இன்னும் இளைத்திருந்தார். டீ போட்டுக்கொண்டே அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்ததைச் சொன்னார்.

"போனீங்களாக்கா?"

"பத்திரிகை வரல. நான் தூக்கி வளத்த புள்ள. சின்னதுல என் கையிலதான் சாப்பிடும்." டீயை ஆற்றினார். "கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"வளையலையாக்கா? நீங்கதான் எடுக்கவே இல்லையே. நான் பக்கத்துலயே நின்னேனே."

"ஆமா. எம்புட்டு நாளைக்குத்தான் இப்படியே இருக்க. சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சு போகும்னு தோணுச்சு." டீயை என்னிடம் நீட்டினார். "ஆனா அண்ணன் கேட்டுச்சு, எங்க வித்தன்னு. அத நான் யோசிக்கவே இல்ல. தெற்காவணி மூல வீதியில ஒரு கடையிலன்னு வாயில வந்ததச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"சரி, இப்பக் கல்யாண வேலையா இருக்கேன், பெறகு நேரம் பாத்து வாரேன், பேசிக்கலாம்னுச்சு."

"வந்தாரா?"

"இன்னும் வரல."

டீயைக் குடித்து முடித்தேன். அவர் என் மகனைப் பற்றி, திருமங்கலத்துத் தண்ணீரைப் பற்றி விசாரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்ததும் கேட் வரை கூட வந்தார். தெருவில் இறங்கிவிட்டேன், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கவா? அண்ணன் ஒருவேள அந்தக் கடை வீதியில போய் விசாரிச்சா என்னா பண்றது? இப்படி யாரும் வந்து விக்கலன்னு சொல்லிருவாங்கள்ல?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் கை சில்லென்று இருந்தது.

"போக மாட்டாருக்கா" என்றேன்.

"ஆமா" என்றார் அக்கா. "அதுக்கெல்லாம் அண்ணனுக்கு எங்க நேரம்."

துருவேறிய கேட்டை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினார்.